பீரோவில் கிடக்கும் பழைய டிராவலர்ஸ் செக்கைப் பணமாக்குவது எப்படி?

செக் கையில் கிடைத்ததும் பலர் செய்யும் முதல் தவறு, காலியாக இருக்கும் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். பயணத்தில் ரொக்கத்துக்குப் பதிலாகக் கொண்டுபோக, முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் இந்த டிராவலர்ஸ் செக்கில் கையெழுத்துக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று வாங்கிய அன்றே, விற்றவர் முன்னால் போட்டது. இன்னொன்று பணம் வாங்கும்போது, கொடுப்பவரின் கண் முன்னால் போட வேண்டியது. கேஷியர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பணம் தருவார். அந்தச் செக்கின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரு ஏற்பாட்டில்தான் இருக்கிறது. வீட்டிலேயே இரண்டாவது கையெழுத்தைப் போட்டுவிட்டால், யார் போட்டது என்று கவுன்ட்டரில் இருப்பவருக்குச் சொல்ல வழியில்லை. அந்தச் செக்கை எந்தக் கவுன்ட்டரிலும் தொடமாட்டார்கள்.

அடுத்த கேள்வி, இது இன்னும் செல்லுமா என்பது. செல்லும். வங்கிக் காசோலைக்கு இருப்பதுபோல மூன்று மாதக் கெடு இதற்குக் கிடையாது. டிராவலர்ஸ் செக் என்பது ரூபாய் நோட்டுபோல அரசு வெளியிட்ட பணம் அல்ல. வெளியிட்ட நிறுவனம் உங்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்த கடன் சீட்டு. சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்வரை கடன் கடன்தான். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இப்போது புதிதாக டிராவலர்ஸ் செக் விற்பதில்லை. ஆனால் விற்ற செக்குகளுக்குக் காலாவதி இல்லை என்பது அதன் நிலைப்பாடு. நம் ரிசர்வ் வங்கியும் இதை மறைமுகமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. வங்கிகளில் பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் தொகைகளைத் தனி நிதிக்கு மாற்ற 2014-ல் வந்த திட்டத்தில், முதிர்வுக் காலம் இல்லாத டிராவலர்ஸ் செக் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள்.

ஆக, செக் செத்துவிடவில்லை. அதை வாங்கிக்கொள்ளும் கவுன்ட்டர்கள்தான் மூடப்பட்டுவிட்டன. மவுன்ட் ரோடில் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய மணி சேஞ்சர்கள் இன்று கையை விரிக்கக் காரணம், வாங்கிய செக்கை அவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணமாக்கும் வழி அடைபட்டுப்போனதுதான். "செல்லாது சார்" என்று கவுன்ட்டரில் சொன்னால், "எங்களிடம் செல்லாது" என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

செக்கை முதலில் படியுங்கள்

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு செக்குக்கும் ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: வெளியிட்டவர் பெயர், எந்த நாட்டுப் பணம், தொகை, வரிசை எண், மேலே இருக்கும் கையெழுத்து யாருடையது. வரிசை எண்ணை எழுத்து, இடைவெளி, கோடு உட்பட அப்படியே எழுதுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் கணினியில் வேறொருவர் செக் வரும். 0, 8 ஆகியவற்றை ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது. பிறகு முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து வையுங்கள். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். கையெழுத்தும் வரிசை எண்ணும் ஒரே படத்தில் இருப்பது மோசடிக்காரனுக்குப் போதுமான சரக்கு.

வெளியிட்டவர் யார் என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்றால் சிக்கலில்லை. ரோமானியப் போர்வீரன் தலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விசா முத்திரை இருந்தால், பணம் தர வேண்டியது விசா அல்ல. அதே செக்கில் பெயர் அச்சாகியிருக்கும் வங்கி அல்லது நிறுவனம்தான். விசா என்பது சங்கிலியின் பெயர், கடனாளி வேறு. மாஸ்டர்கார்டு முத்திரை இருக்கும் செக்குக்கும் இதே விதி.

தாமஸ் குக் பெயர் போட்ட செக் சென்னை வீடுகளில் நிறைய இருக்கிறது. இங்கே இரண்டு குழப்பம். இன்று நம் ஊரில் இயங்கும் தாமஸ் குக் (இந்தியா) 2012-ல் கைமாறி, பிரிட்டனில் இருந்த நிறுவனத்திலிருந்து பிரிந்துவிட்டது. எனவே 2019 செப்டம்பரில் பிரிட்டன் நிறுவனம் திவாலானது இங்குள்ள நிறுவனத்தைப் பாதிக்கவில்லை. செக்கின் கதையும் வேறு. பிரிட்டன் நிறுவனத்தின் அன்னியச் செலாவணி வியாபாரம் 2001-லேயே டிராவலெக்ஸ் என்ற நாணய மாற்று நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஆகவே "தாமஸ் குக் திவால், செக்கும் போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். செக்கின் கீழ்ப்பகுதியிலும் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் இருக்கும் வெளியீட்டு நிறுவனத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அதன் இன்றைய வாரிசு யார் என்று தேட வேண்டும்.

ஸ்டேட் வங்கி போன்ற நம் வங்கிகள் வெளியிட்ட ரூபாய் டிராவலர்ஸ் செக்கும் அதே கட்டில் கலந்திருக்கலாம். அதற்கு வெளிநாட்டு வழி எதுவும் வேண்டாம். வெளியிட்ட வங்கியின் கிளைக்கு அடையாள அட்டையோடு போனால் போதும். கிளையில் இருக்கும் இளைஞருக்கு அது என்னவென்று தெரியாமல் மேலாளரைக் கூப்பிடுவார், பொறுமையாக இருங்கள்.

மார்க், பிராங்க், லிரா

யூரோவுக்கு முந்தைய நாணயங்களில் இருக்கும் செக்கைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். பிரெஞ்சு பிராங்க் நோட்டை மாற்றும் கெடு 2012 பிப்ரவரியோடு முடிந்தது, இத்தாலிய லிரா நோட்டுக்கு 2011 டிசம்பரோடு. இவை மத்திய வங்கிகள் வெளியிட்ட நோட்டுகளுக்கு உள்ள கெடு. டிராவலர்ஸ் செக் தனி நிறுவனத்தின் கடன். யூரோ வந்தபோது அந்தக் கடன் நிலையான விகிதத்தில் யூரோ கடனாக மாறிவிட்டது, அவ்வளவுதான். 1 யூரோவுக்கு 1.95583 ஜெர்மன் மார்க், 6.55957 பிரெஞ்சு பிராங்க், 1936.27 இத்தாலிய லிரா, 2.20371 டச்சு கில்டர். 500 மார்க் செக் என்றால் 255.65 யூரோ. 1,000 பிராங்க் என்றால் 152.45 யூரோ. இதை உள்ளூர் மணி சேஞ்சரிடம் காட்டிப் பயனில்லை. நேராக வெளியிட்ட நிறுவனம்தான்.

தாளின் நிலை

சென்னையின் ஈரக்காற்றும் கரையானும் பழைய தாளுக்கு எமன். ஒட்டிப்போன செக்குகளைப் பிய்க்காதீர்கள்; ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்தால் பெரும்பாலும் தானாக விலகும். ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடித்திருந்தால் நெம்பி எடுங்கள், இழுக்காதீர்கள். லேமினேட் செய்யவே கூடாது. செல்லோடேப்பும் வேண்டாம், கிழிந்திருந்தால் இரண்டு துண்டையும் ஒரே ஒளிபுகும் உறையில் வைத்தால் போதும். துணி இஸ்திரிப் பெட்டியால் சுருக்கம் எடுக்கப் போனால் மை உருகி, போலி செக் என்று சந்தேகம் வரும்.

வரிசை எண்ணும், முதல் கையெழுத்தும், கீழ் ஓரத்தில் இருக்கும் இயந்திர எழுத்து வரியும் தெரிந்தால் செக்கைக் காப்பாற்றிவிடலாம். சில செக்குகளின் பின்பக்க மை, ஈரவிரல் பட்டால் கரையும்படி வேண்டுமென்றே அச்சிட்டிருப்பார்கள். கேஷியர் அசலா என்று பார்க்க வைத்த சோதனை அது. ஆர்வத்தில் நீங்கள் செய்து பார்த்தால், கேஷியருக்குச் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

வைத்திருந்தது தப்பா?

வங்கியில் இந்தக் கேள்வி வரும், பதிலோடு போங்கள். வெளிநாடு போய்வந்தவர் செலவழியாத அன்னியச் செலாவணியை, திரும்பிய 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது ஃபெமா (அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதி. நோட்டும் டிராவலர்ஸ் செக்கும் சேர்த்து 2,000 அமெரிக்க டாலர்வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கால வரம்பு இல்லை. பழைய காலத்தில் பயண ஒதுக்கீடாக 500 டாலர் வாங்கிக்கொண்டு போய் மிச்சம் கொண்டுவந்தவர்கள் இந்த வரம்புக்குள்தான் இருப்பார்கள்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தபோது வாங்கிய செக்குக்குக் கணக்கு வேறு. வெளிநாட்டில் குடியிருந்தபோது சம்பாதித்த அன்னியச் செலாவணியை, இந்தியா திரும்பிக் குடியேறிய பிறகும் வைத்திருக்க ஃபெமா சட்டத்தின் 6(4) பிரிவு இடம் தருகிறது. வெளிநாட்டில் குடியிருந்தவரிடமிருந்து வாரிசாக வந்ததற்கும் இது பொருந்தும். அந்தக் காலத்துப் பாஸ்போர்ட், விசா பக்கம், வேலை ஒப்பந்தம் ஏதாவது ஒன்றின் நகல் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 2,000 டாலரைத் தாண்டி, மேற்சொன்ன விளக்கமும் இல்லையென்றால், செக்கை நீட்டுவதற்கு முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுவதே உத்தமம்.

எங்கே போவது

மூன்று கதவுகள்: மணி சேஞ்சர், உங்கள் வங்கி, வெளியிட்ட நிறுவனம். இன்றைய நிலையில் பணம் வர அதிக வாய்ப்புள்ளது மூன்றாவது. ஆனாலும் முதல் இரண்டில் ஒரு காலைப் பொழுது செலவிடுவது தண்டம் அல்ல. கிடைத்தால் அன்றே வேலை முடியும், கிடைக்காவிட்டால் வங்கி தரும் மறுப்புக் கடிதம் பின்னால் உதவும்.

மணி சேஞ்சரிடம் நேரில் போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். "டிராவலர்ஸ் செக் வாங்குவீர்களா" என்று மட்டும் கேட்டால் பழக்கதோஷத்தில் ஆமாம் என்பார்கள். "இந்த நிறுவனத்துச் செக், இன்ன நாணயம், இத்தனை, இன்று வாங்குவீர்களா" என்று கேளுங்கள். அண்ணா சாலை, எழும்பூர், தி.நகர் என எங்கே போனாலும் ரிசர்வ் வங்கி உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்; உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்திலும் இருக்கிறது. பர்மா பஜார் பக்கம் கமிஷனுக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அவர் தரும் விலை குறைவு என்பதைவிட, உங்கள் கையெழுத்துப் போட்ட செக் எங்கே சுற்றும் என்று தெரியாது என்பதே பெரிய ஆபத்து. ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்கவும் வேண்டாம். அங்கே பொதுமக்களின் டிராவலர்ஸ் செக்கை மாற்றித் தருவதில்லை.

வாங்கிக்கொள்ளும் இடம் அமைந்துவிட்டால் நடைமுறை எளிது. செக்கில் பெயர் உள்ளவர் நேரில், பாஸ்போர்ட்டோடும் பான் அட்டையோடும் போக வேண்டும். அப்பாவின் செக்கை மகன் கொண்டுபோனால் நடக்காது. பவர் பத்திரம் இருந்தாலும் அப்பா கையெழுத்தை மகன் போட முடியாது. கணவன் மனைவி இருவரும் பயன்படுத்தும்படி வாங்கிய செக் என்றால் இரண்டு பேர் கையெழுத்து மேலே இருக்கும். அவர்களில் யாராவது ஒருவர் போனால் போதும்.

பேனாவை எடுப்பதற்கு முன் அன்றைய விலையைக் கேளுங்கள். போர்டில் நோட்டுக்கு ஒரு விலை, டிராவலர்ஸ் செக்குக்கு ஒரு விலை இருக்கும். நோட்டு விலையைச் செக்குக்குப் போட்டால் கேள்வி கேளுங்கள். கமிஷன் தனியா, விலையிலேயே அடக்கமா என்பதையும் கேட்டுவிடுங்கள். எல்லாம் ஒத்துவந்த பிறகு, கேஷியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொன்றாகத் தேதி எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர் வேறு பக்கம் திரும்பியிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முப்பது வருடத்தில் கையெழுத்து மாறாதவர் யாருமில்லை. முந்தின நாள் இரவு வெள்ளைத் தாளில் பழைய கையெழுத்தைப் பார்த்து இருபது முறை போட்டுப் பழகுங்கள். இது ஏமாற்று வேலை அல்ல, உங்கள் சொந்தக் கையெழுத்துதான். அப்படியும் கோணிவிட்டால் கேஷியர் செக்கின் பின்பக்கம் இன்னொரு முறை போடச் சொல்வார். மேலே அடித்துத் திருத்துவது, ஒரே கோட்டின் மீது மறுபடி இழுப்பது இரண்டும் செக்கைக் கெடுத்துவிடும்.

உள்ளூரில் வசிப்பவருக்கு ஒரு பரிவர்த்தனையில் 1,000 டாலர் மதிப்புவரைதான் ரொக்கமாகத் தரலாம். வெளிநாட்டு இந்தியர்களுக்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்கும் 3,000 டாலர்வரை. அதற்கு மேல் கணக்கில்தான் வரவு. பணம் வாங்கியதும், செக்கை மாற்றியதற்கான சான்றான என்கேஷ்மென்ட் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வரும் ரூபாய்க்கு நாளைக்கு வருமான வரிக்காரரிடம் சொல்ல ஆதாரம் இருக்காது.

வங்கி வழியாக கலெக்‌ஷன்

உங்கள் கணக்கு இருக்கும் கிளையே போதும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கிளைகளுக்கு அன்னியச் செலாவணி வேலை செய்யும் அதிகாரம் இல்லை. அவர்கள் ஃபாரெக்ஸ் பிரிவு உள்ள கிளைக்கு அனுப்புவார்கள். பாரிமுனைப் பக்கம் இருக்கும் பெரிய கிளைகளில் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் உண்டு. உங்கள் கிளை மேலாளரிடமிருந்து ஓர் அறிமுகக் குறிப்பு வாங்கிக்கொண்டு போனால் பாதி நேரம் மிச்சம்.

கலெக்‌ஷன் என்றால், வங்கி உங்களிடமிருந்து செக்கை வாங்கி, வெளிநாட்டுக்கு அனுப்பி, பணம் வந்த பிறகே உங்கள் கணக்கில் வைக்கும். எழுத்து மூலமாக மூன்றைக் கேளுங்கள். இங்கே எவ்வளவு கட்டணம், அங்கேயுள்ள வங்கி எவ்வளவு பிடிக்கும், வரவு வைப்பது இறுதியானதா அல்லது செக் திரும்பினால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா? மூன்றாவது கேள்வி மிக முக்கியம். கணக்கில் பணம் தெரிகிறதே என்று எடுத்துச் செலவழித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து வங்கி அதைப் பிடித்துக்கொண்டபோது விழித்தவர்கள் இருக்கிறார்கள். மாற்று விகிதம் பணம் வந்துசேரும் நாளின் விகிதமே, நீங்கள் கொடுத்த நாளின் விகிதம் அல்ல.

ரூபாயாக மாற்ற விருப்பமில்லையா? அப்படியென்றால் ஆர்எஃப்சி (டொமஸ்டிக்) என்ற கணக்கில் டாலராகவே போட்டு வைக்கலாம். வட்டி கிடையாது. பிள்ளைகளைப் பார்க்க அடிக்கடி வெளிநாடு போகிறவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு இதனால் பெரிய லாபமில்லை.

வங்கி மறுத்தால், மறுத்ததை ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள், மின்னஞ்சலாக இருந்தாலும் போதும்.

வெளியிட்ட நிறுவனத்திடம் நேரடியாக

நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். தேடுபொறியில் முதலில் வரும் "உதவி எண்" பெரும்பாலும் பொறிதான். உண்மையான நிறுவனம் முன்பணம் கேட்காது, ஓடிபி கேட்காது, உங்கள் கணினித் திரையைப் பார்க்க அனுமதி கேட்காது. செக்கின் பின்பக்கம் அச்சாகியுள்ள பழைய தொலைபேசி எண்களில் பல இன்று வேறு யாரிடமோ இருக்கும். அதையும் நம்ப வேண்டாம்.

எழுதும் முதல் கடிதத்தில் கதை வேண்டாம். செக்குகளின் பட்டியல், எங்கே எந்த ஆண்டு வாங்கியது, வாங்கியவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, இன்றைய முகவரி, இரண்டாவது கையெழுத்து போடப்படவில்லை என்ற உறுதி, இந்திய வங்கிகள் ஏற்க மறுத்துவிட்டன என்ற தகவல், பணத்தை எந்தக் கணக்கில் போட வேண்டும் என்ற விவரம். இவ்வளவு போதும். பதிலாகப் படிவமும் கோரிக்கை எண்ணும் வரும். பொதுவாகக் கேட்பவை: செக்கின் இருபக்கப் படம், பாஸ்போர்ட், முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறிய பெண்கள் திருமணச் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள். இனிஷியல் விஷயத்திலும் கவனம் தேவை. செக்கில் "எஸ். ராமன்" என்றும் பாஸ்போர்ட்டில் "ராமன் சுப்பிரமணியன்" என்றும் இருந்தால் வெளிநாட்டுக்காரருக்கு இரண்டு ஆள். இருவரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

கணக்கு விவரத்தில் ஐஎஃப்எஸ்சி குறியீடு மட்டும் கொடுத்தால் வெளிநாட்டிலிருந்து பணம் வராது. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். உங்கள் கிளைக்கு அது இல்லையென்றால், எந்தக் கிளையின் குறியீட்டைப் போட வேண்டும் என்று வங்கியில் கேட்டு எழுதி வாங்குங்கள். அவர்கள் டாலர் காசோலை அனுப்புவதாகச் சொன்னால் முடிந்தவரை மறுத்துவிடுங்கள். ஒரு செக்கை மாற்ற அலைந்தது போதாதென்று இன்னொரு செக்கைக் கையில் வைத்துக்கொண்டு அலைவானேன்?

அசலை அனுப்பச் சொன்னால் இரண்டு விஷயம். ஃபெமா சட்டத்தில் "கரன்சி" என்ற சொல்லுக்குள் டிராவலர்ஸ் செக்கும் அடங்கும். எனவே தபாலில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவது நாட்டுக்கு வெளியே அன்னியச் செலாவணி அனுப்புவதாகக் கொள்ளப்படலாம். நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டி, உங்கள் வங்கியின் ஃபாரெக்ஸ் பிரிவு வழியாக அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். குறைந்தது அவர்களின் எழுத்து மூலமான கருத்தையாவது பெறுங்கள். தனியார் கூரியர்களில் பலவற்றின் விதிகளிலேயே இதுபோன்ற பத்திரங்களுக்குத் தடை உண்டு; "ஆவணங்கள்" என்று பொய் எழுதி அனுப்பினால், தொலைந்துபோகும்போது இழப்பீடு கேட்க வாயிருக்காது. இரண்டாவது, இரண்டாம் கையெழுத்தையும் பெறுபவர் பெயரையும் நிறுவனம் சொன்னபடி மட்டும் நிரப்புங்கள். பெறுபவர் இடத்தில் நிறுவனத்தின் பெயர் ஏறிவிட்டால், வழியில் திருடியவனுக்கு அதனால் பயன் குறைவு. அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள், கோரிக்கை எண்ணை உறைக்குள் வைக்கும் கடிதத்தில் எழுதுங்கள்.

டல்லாஸிலோ டொரண்டோவிலோ மகள் வீட்டுக்கு நீங்களே போகும் திட்டம் இருந்தால், காத்திருந்து செக்கைக் கையோடு எடுத்துப் போவது எல்லாவற்றையும்விட எளிது. 2,000 டாலர் வரம்புக்குள் நியாயமாக வைத்திருப்பதை எடுத்துப்போகத் தடையில்லை. அங்கிருந்தே உள்நாட்டுத் தபாலில் நிறுவனத்துக்கு அனுப்பலாம். அங்குள்ள வங்கிகளில் பல தங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் இந்த வேலையைச் செய்யும் என்பதை மனதில் வையுங்கள்.

கையெழுத்துப் போட்டவர் இல்லையென்றால்

இறந்தவரின் செக்கில் வாரிசு கையெழுத்துப் போடக் கூடாது. அன்பினால் செய்தாலும் அது போலிக் கையெழுத்து. உண்மையான கோரிக்கையையும் அது கெடுத்துவிடும். கோடு காலியாகவே இருக்கட்டும். நிறுவனத்துக்கு எழுதும்போதே இறந்த தேதியைச் சொல்லி, இந்தத் தொகைக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று முதலில் கேளுங்கள். இந்த வரிசை முக்கியம். கேட்காமலே நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழுக்கு மனு போட்டு, 300 டாலருக்காக அதைவிட அதிகம் செலவழிப்பது நடக்கிற கதை. சிறு தொகைக்கு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம் ஆகியவற்றோடு முடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பெரிய தொகைக்கு நீதிமன்றச் சான்று தவிர்க்க முடியாததாகலாம். தமிழில் மட்டும் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு நோட்டரி முத்திரையோடு வேண்டும். அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்பட அரசு தரும் சான்று) கேட்டால், வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். மீதி எல்லாம் இடைத்தரகர் கூலி.

உயிரோடு இருந்தும் கை நடுங்கிக் கையெழுத்துப் போட முடியாதவர்களுக்கும் நிறுவனத்தின் வழிதான் சரி. நிலைமையைச் சொன்னால், யார் முன்னிலையில் எப்படிச் சான்று செய்வது என்று அவர்களே எழுதுவார்கள்.

மேல் கையெழுத்தே இல்லாத செக்கும் வரும். வாங்கியவர் போட மறந்தது. இப்போது போட்டு நிரப்பாதீர்கள். வாங்கியபோது தந்த விற்பனை ரசீதில் வரிசை எண்கள் இருக்கும். அந்தச் சீட்டு இருந்தால் கோரிக்கை நிற்கும். செக்கே தொலைந்து ரசீது மட்டும் இருந்தாலும் கேட்கலாம், ஏற்கெனவே பணமாகிவிட்டதா என்று எண்ணை வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். அதனால் பீரோவில் செக் கிடைத்த இடத்திலேயே பழைய ரசீதையும் தேடுங்கள்; பெரும்பாலும் காலாவதியான பாஸ்போர்ட்டின் உறைக்குள் இருக்கும்.

கட்டுபடியாகுமா

500 டாலர் இருக்கிறது, விகிதம் 85 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: 42,500 ரூபாய். நாணய மாற்றுக்கு ஜிஎஸ்டி கணக்கிடும்போது, ஒரு லட்சம்வரை தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து, அதில் 18 சதவீதம் வரி. 425 ரூபாய்க்கு 76.50. பெரிதில்லை. 20 டாலர் செக் ஒன்று மட்டும் என்றால் 1,700 ரூபாய். சேவை மதிப்பின் குறைந்தபட்சம் 250 ரூபாய் என்பதால் வரி 45. அதற்கு மேல் இரண்டு பக்க வங்கிக் கட்டணமும் தபால் செலவும் சேர்ந்தால் ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். சில்லறைச் செக்குகளைத் தனித்தனியாக அனுப்பாதீர்கள். ஒரே நிறுவனத்துடையதை எல்லாம் ஒரே கோரிக்கையில் சேருங்கள். அண்ணன், அக்கா வீட்டிலும் இருக்கிறதா என்று கேட்டு, ஒவ்வொருவர் பெயரிலும் தனிக் கோரிக்கையாக ஒரே நேரத்தில் தொடங்கலாம்.

இத்தனை வருடத்துக்கு வட்டி உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஆனால் 1993-ல் டாலர் சுமார் 31 ரூபாய். அன்று வாங்கிய செக்கின் ரூபாய் மதிப்பு தூங்கிக்கொண்டே ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் விற்ற மிகப் பழைய செக் என்றால், அங்கே பல மாநிலங்களில் 15 ஆண்டு கேட்பாரற்ற செக் தொகை மாநில அரசிடம் போகும் சட்டம் இருக்கிறது. அப்படிப் போயிருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது வெளியிட்ட நிறுவனத்தையே. தொகை எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

வங்கி செக்கை வாங்கி வைத்துக்கொண்டு பதிலே சொல்லவில்லையென்றால், கிளைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையம் வழியாக, கட்டணமின்றிப் புகார் பதிவு செய்யலாம். செக்கைக் கொடுத்த அன்று, வரிசை எண்களோடு தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிய ரசீதுதான் அங்கே பேசும். அது இல்லாமல் ஒரு செக்கைக்கூடக் கவுன்ட்டரில் விட்டுவிட்டு வராதீர்கள்.